60 சதவீதம் முன்பே முடிவாகிவிட்டது

மத்திய அரசும் ஊராட்சிகளும் கலந்து பேசித்தான் கிராமத்தில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று முடிவு செய்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. பணம் வரும் வழியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் நிதி ஆணையத்தில், 15-வது ஆணையம் 2021-26 காலத்துக்கு கிராம உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று மேலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் வாய் திறக்க முடிந்தது.

குடிநீர் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கிராம சபையில் வருடா வருடம் எழும் கோரிக்கை சுடுகாட்டுப் பாதை. ஐப்பசி மழையில் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். தீர்மானம் எழுதுவார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள், அப்புறம் நிதி இல்லை என்பார்கள்.

கேரளத்தில் 1996-ல் உள்ளாட்சிகளே திட்டமிடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அங்கும் எந்தத் துறைக்கு எவ்வளவு என்று வரம்பு இருந்தது, சரி. ஆனாலும் எதற்குச் செலவு என்ற பேச்சு ஊர்க்கூட்டத்தில்தான் தொடங்கியது.

இங்கே அந்த அளவுக்கு உடனே வராது என்றால், கிராம சபை கேட்ட வேலை ஏன் எடுக்கப்படவில்லை என்று அடுத்த கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றாவது விதி கொண்டுவாருங்கள்.