லிமிடெட் எடிஷன் கிட்டார் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

போன சனிக்கிழமை, என்னிடம் கிட்டார் படிக்கும் பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு வந்தான். படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும், கிட்டாரை விற்க வேண்டும் என்றான். "சேர், இது லிமிடெட் எடிஷன். வருடம் போகப் போக விலை ஏறும் என்று சொல்லித்தான் தந்தார்கள்." கண்டியில் இரண்டு கடைகளில் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறான். அதே மாடலின் சாதாரணக் கிட்டார் பழையதாக என்ன விலைக்குப் போகுமோ, அந்த விலையைத்தான் இரண்டு கடைக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். அவனோ சாதாரண மாடலைவிட முப்பத்தையாயிரம் ரூபா கூடக் கொடுத்து வாங்கியவன். அந்தக் காசு, அவனுடைய அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியில் ஒரு பகுதி. எனக்கு வயிறு எரிகிறது.

டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். லேபலில் 'லிமிடெட் எடிஷன்', அதாவது குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்தது, என்று பொன்னெழுத்து மின்னியது. எத்தனை செய்தார்கள், இது எத்தனையாவது என்ற விபரம் எங்கும் இல்லை. முன்பலகை, கழுத்து, கம்பிகளைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜ், உள்ளே தாங்கும் சட்டங்கள் எல்லாம் சாதாரண மாடலில் உள்ளவையே. மாறியது நிறம் ஒன்றுதான்.

தொழிற்சாலையின் பக்கமிருந்து பார்த்தால் இது விளங்கும். கழுத்தையும் உடலையும் வெட்டும் இயந்திரத்துக்கு ஒரே அளவுதான் கொடுக்கப்பட்டிருக்கும். அதே வரிசையில் ஒரு தொகுதியை எடுத்து வேறு வண்ணம் அடிப்பதற்குப் பெரிய செலவு இல்லை. கையிருப்பில் கொஞ்சமாகக் கிடக்கும் மரத்தையும் இப்படித் தீர்க்கலாம். ஒரு நிறம் ஓடுமா என்று சோதித்தும் பார்க்கலாம். கடைக்காரர் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டால் தேங்கும் பயமும் இல்லை. இதில் குற்றம் ஒன்றுமில்லை, வியாபாரம்தான். ஆனால் எண் சொல்லாத 'லிமிடெட்' என்றால், அந்த நிறத்தை ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்பதற்கு மேல் அதில் எந்த வாக்குறுதியும் இல்லை. அடுத்த வருடம் இன்னொரு நிறத்தில் இன்னொரு 'லிமிடெட்' வரும்.

இன்று உலகத்தில் மிகப் பெரிய விலைக்குப் போகும் பழைய கிட்டார்களில் பலவற்றின் மேல் அப்படி ஒரு சொல் இருந்ததே இல்லை. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த, நடுவில் வெளிறி ஓரத்தில் இருளும் சன்பர்ஸ்ட் நிற 'லெஸ் பால்' மின்கிட்டார் அந்தக் காலத்தில் சரியாக விற்கவில்லை. அதனால்தான் 1961இல் வடிவத்தையே மாற்றினார்கள். பிறகு அறுபதுகளின் நடுவில் புளூஸ், ராக் வாசித்தவர்கள் அந்த ஒலியைத் தேடிப் போனார்கள். இன்று ஒன்றின் விலை இலட்சக்கணக்கான டொலர். மார்ட்டின் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் டி-45 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1933 முதல் 1942 வரை செய்யப்பட்டவை 91 மட்டுமே. பொருளாதார மந்தத்தில் அந்த விலை கொடுக்க ஆளில்லை, பிறகு போர் வந்தது. திட்டமிட்டு யாரும் குறைத்துச் செய்யவில்லை.

அறிவித்துச் செய்தவற்றிலும் நேர்மையானவை உண்டு. 1995இல் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் மார்ட்டின் 461 கிட்டார்கள் செய்தது. எண்ணிக்கை முன்கூட்டியே சொல்லப்பட்டது, யாருக்காக என்பதும் தெரிந்தது. அதற்குப் பின் அதே வழியில் வந்த, எண்ணிக்கை வரம்பில்லாத மலிவான மாடலையும் மக்கள் ஆண்டுக்கணக்கில் விரும்பி வாங்கினார்கள். கிட்டார் செய்யப் பயன்படும் பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் கதை வேறு. 1992 முதல் அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது. அங்கே வரம்பு போட்டது காடும் சட்டமும்.

உண்மையான அருமைக்கும் ஒட்டிய லேபலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் ஊர்க்காரருக்கு நான் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும்போது கொழுந்துக்கு வரும் வாசம் வேறு மாதத்தில் வராது. திம்புள்ளைக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. கொழும்பு ஏலத்துக்கு முன் தேயிலையை ஊற்றிச் சுவைத்துத்தான் விலை சொல்கிறார்கள், பெட்டியில் ஒட்டிய தாளைப் படித்து அல்ல.

"என் நண்பன் வாங்கியதைவிட ஒன்றரை மடங்குக்கு விற்றானே" என்றும் பையன் கேட்டான். எப்போது என்று விசாரித்தேன். 2021இல் வாங்கி 2022 கடைசியில் விற்றிருக்கிறான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதிய கிட்டாரின் விலை ஏறியதால் பழையதும் ஏறியது. டொலரில் போட்டுப் பார்த்தால் அவனுக்கு நட்டம். அந்த ஏற்றம் லேபல் இல்லாத கிட்டாருக்கும் கிடைத்தது.

நம் மலையில் விலையை உண்மையில் தின்பது ஈரம். மே மாதம் மழை தொடங்கினால் இங்கே அலுமாரிக்குள் துணிகூடப் பூஞ்சணம் பிடிக்கிறது. திடமான ஸ்ப்ரூஸ் மர முன்பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் கிளம்பும், கம்பி உயரும். நல்ல பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்த சாதாரணக் கிட்டார், லயன் அறைச் சுவரில் தொங்கிய லிமிடெட் எடிஷனைவிட நல்ல விலைக்குப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே கூடுதல் காசு கேட்டால், எத்தனை செய்தார்கள் என்று கேளுங்கள், மரத்தில் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த முப்பத்தையாயிரத்தை நல்ல பெட்டிக்கும் கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்யும் ஒழுங்கான செட்டிங்குக்கும் வையுங்கள். நிறம் மனதுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், விற்கும்போது திரும்பி வரும் என்ற கணக்கை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

பையனும் நானும் உட்கார்ந்து விளம்பரம் எழுதினோம். கழுத்து நேராக இருப்பதை, பிரிட்ஜ் கிளம்பாததை, முன்பலகையில் வெடிப்பு இல்லாததைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். "லிமிடெட் எடிஷன் என்பதை முதல் வரியில் போடவா, சேர்?" என்று கேட்டான். கடைசியில், நிறத்தைச் சொல்லும் இடத்தில் போடச் சொன்னேன்.