சாஸ் பாட்டிலில் 621 என்றால் பன்றிக் கொழுப்பு அல்ல

டெல்லி மயூர் விஹார் பக்கம் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சோயா சாஸ், சில்லி சாஸ் பாட்டிலில் 621, 150டி என்று இருந்தால் அது பன்றிக் கொழுப்பு. எந்த பிராண்டாக இருந்தாலும் தூக்கி எறியுங்கள்." இது தவறு.

621 என்பது மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டியின் எண். நாம் அஜினோமோட்டோ என்று சொல்கிறோமே, அதேதான். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா இதைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். இப்போது கரும்பு மொலாசஸ், மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்கவைத்துச் செய்கிறார்கள். 150டி, சர்க்கரையைக் காய்ச்சி எடுக்கும் கேரமல் நிறம்.

631 (டைசோடியம் இனோசினேட் என்ற இன்னொரு சுவையூட்டி) மட்டும் கொஞ்சம் வேறு. அதை மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், நொதிக்கவைத்தும் எடுக்கலாம். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், குறியைப் பாருங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது, ஃபிஷ் சாஸ் பெயரிலேயே இருக்கிறது. இவை இரண்டும் அசைவம்தான்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் வாங்கும் பாட்டிலில் முன்பக்கம் முழுக்கத் தாய்லாந்து மொழி எழுத்து. பின்னால் திருப்பினால் சின்ன ஸ்டிக்கர்: குறி, இறக்குமதியாளர் முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில். அந்த எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.