பெர்லினுக்கு முன்பே திறந்த கலைக்கூடங்கள்

'1830-இல் பெர்லினில் ஆல்ட்டஸ் மியூசியம் திறக்கப்படும் வரை ஜெர்மன் மண்ணில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமே கிடையாது. எல்லாம் மன்னர்கள் அளித்த கொடை' என்று சிலர் சொல்லும் கருத்து திருத்தப்பட வேண்டியது.

பிரவுன்ஷ்வைக் கோமகன் முதலாம் கார்ல் தம் குடும்பத்தின் கலைத் தொகுப்பை 1754-இலேயே பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். காசல் நகரில் ஹெஸ்ஸ-காசல் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரீட்ரிக், சீமோன் லூயி டு ரீ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுப்பிய ஃபிரிடெரிசியானம் என்ற அருங்காட்சியகமும் 1779-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரண்மனையில் ஒதுக்கப்பட்ட சில அறைகளாக அல்லாமல், நூலகமும் பழம்பொருள்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் இடமாகவே அது தொடக்கத்திலிருந்து திட்டமிடப்பட்டது.

கொடை பற்றிய இரண்டாம் கூற்றுதான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனெனில் அது குடிமக்களின் பங்கை அடியோடு மறைத்துவிடுகிறது. ஃபிராங்ஃபர்ட்டின் வணிகரும் வங்கியாளருமான யோஹான் ஃபிரீட்ரிக் ஷ்டேடல், தம் ஓவியங்களையும் வீட்டையும் செல்வத்தையும் நகரத்தார் பார்க்கவும் இளங்கலைஞர்கள் பயிலவும் ஓர் அறக்கட்டளைக்கு 1815-இல் உயில் எழுதிவைத்தார். ஷ்டேடல் அருங்காட்சியகம் இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது.

பெர்லினின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்த ஆல்ட்டஸ் மியூசியத்தில், அறிஞர் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் தலைமையிலான குழு, கலை வரலாற்றறிஞர் வாகனின் துணையோடு, ஓவியங்களை மரபுவாரியாகவும் காலவரிசையிலும் அமைத்தது. கலை வரலாறு தனித் துறையாக வளர்ந்ததில் அந்த ஒழுங்குக்கு முக்கியப் பங்கு உண்டு.