'மெமரி மேனேஜ்மென்ட்' நீலத்திரை வந்தாலே ரேம் போச்சா?

விண்டோஸ் க்ராஷ் ஆகும்போது வரும் நீலத்திரையைப் பற்றி ஒருவர், "நீலத்திரையில் மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் ரேம் போச்சு, புதுசு வாங்குங்கள்" என்கிறார். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள். நினைவகக் கணக்கு குழம்பிவிட்டது என்று மட்டுமே அந்த ஸ்டாப் கோட் (நீலத்திரையில் வரும் பிழைப் பெயர்) சொல்கிறது. கோளாறான டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), தாங்காத எக்ஸ்எம்பி (ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) வேகமும் அதே திரையைக் கொண்டுவரும்.

முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை அணையுங்கள். 3200 வேகத்தில் ஓடும் டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666-க்கு இறங்கும். க்ராஷ் நின்றால் வேகம்தான் வில்லன்.

நிற்காவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து 4 பாஸும் (முழுச் சுற்றும்) ஓடவிடுங்கள். சில மணி நேரம் இழுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். அப்போதும் கடைக்கு ஓடாமல், ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கையும் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எல்லாமே தேறினால் மற்ற ஸ்லாட்டைச் சந்தேகப்படுங்கள்.

எரரே இல்லையா? சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புகளை (க்ராஷ் பதிவுகள்), அவற்றைப் படித்துக் காட்டும் வின்டிபிஜியில் திறங்கள். காரணமாகக் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) கோப்பின் பெயர் வந்தது என்று விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பெரும்பாலும் அது கோளாறைக் கண்டுபிடித்து நிறுத்திய இடம்தான். பல டம்புகளில் ஒரே டிரைவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை அப்டேட் செய்யுங்கள், அல்லது பழைய பதிப்புக்குப் போங்கள்.