நிக்கிறதுக்கு எதுக்குங்க டோல்?

நேத்து டோல்கேட் போட்டோ போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே அட்வைஸ். "ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வாங்கிடுங்க சார், 200 ட்ரிப், டென்ஷனே இல்ல"ன்னு. ஐயா, காசு ஜாஸ்தின்னு நான் அழல. பொங்கல் முடிஞ்சு சென்னை திரும்புற ஜனம் மொத்தமும் ஒரு கேட்டு முன்னாடி நிக்குது, நிக்க வச்சதுக்கும் காசு எடுக்குறாங்க, அதைத்தான் கேக்குறேன். பாஸ் வச்சிருந்தவனும் என் பின்னாடிதான நின்னான்?

க்யூ 100 மீட்டரைத் தாண்டினா காசு வாங்காம விடணும்னு 2021ல நெடுஞ்சாலை ஆணையமேதான் சொல்லுச்சு, மஞ்சக் கோடெல்லாம் போடச் சொன்னாங்க. அப்படி யாரையாச்சும் சும்மா விட்டிருந்தா கமெண்ட்ல வாங்க, மாலை போடுறேன். க்யூவைக் குறைக்க முடியல, 2024ல அந்த ரூலையே எடுத்துட்டாங்க. சோலி முடிஞ்சது.

அம்மாவுக்கு சுகர். அவசரம்னு சொல்லவும் கூச்சப்பட்டுக்கிட்டு பின் சீட்டுல நெளியுறாங்க, இறங்கலாம்னா நாலா பக்கமும் ஹெட்லைட். ஒருவழியா கேட்டுக்கு வந்தா டேக் ஸ்கேன் ஆகல, மெஷினோட நின்ன தம்பி "கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க சார்"ங்கிறாப்ல. பின்னாடி ஆம்னி பஸ் டிக்கியை உரசிக்கிட்டு நிக்குது, எங்கப்பா எடுக்க? அந்தத் தம்பி பாவம், ராத்திரி பூரா புகையில நிக்கிற ஆளு. ஆனா காசு எடுத்த மெசேஜ் மட்டும் கேட் தூக்குறதுக்கு முன்னாடியே வந்துருச்சு பாருங்க!

"டோல் இல்லாம ரோடு எப்படிப் போடுவாங்க"ன்னு ஒரு கோஷ்டி வரும். டோலே வேணாம்னு எங்கய்யா சொன்னேன்? வண்டி ஓடினா வாங்கு, ஓடலைன்னா வாங்காத. கேரளால பாலியேக்கரை டோலை 2025 ஆகஸ்ட்ல ஹைகோர்ட்டு முதல்ல நாலு வாரம் நிறுத்தி வச்சுச்சு, காரணம் இதே ஜாம்தான். ஆணையம் சுப்ரீம் கோர்ட் போச்சு, அங்கயும் 65 கிலோமீட்டர் போக 12 மணி நேரம் ஆனா 150 ரூபாய் எதுக்குன்னு கேட்டாங்க. ஜட்ஜுக்குப் புரியுது, இன்பாக்ஸ் அண்ணன்களுக்குப் புரியல.

பண்டிகைன்னா கூட்டம் வரும்தான், ஒத்துக்குறேன். ஆனா தை பொறக்குறது என்ன சர்ப்ரைஸா? டெய்லி காலண்டர் அடிக்கிறவருக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியுதே.

"எல்லாரும் ஏன் ஒரே நேரத்துல கிளம்புறீங்க"ன்னு கேட்டாரு பாருங்க ஒருத்தர், அதுதான் ரொம்ப வலிச்சது. என்னமோ ஊருக்குப் போறதே குத்தம் மாதிரி. ஊர்ல வேலை இருந்தா நாங்க ஏங்க சென்னையில ஹவுஸ் ஓனர்கிட்ட தண்ணிக்குக் கெஞ்சிக்கிட்டு கிடக்கோம்?

அப்புறம் "ட்ரெயின்ல போக வேண்டியதுதானே"ன்ன புண்ணியவானே, அடுத்த பொங்கலுக்கு 60 நாள் முன்னாடி காலையில எட்டு மணிக்கு உக்காந்து டிக்கெட் போட்டுப் பாருங்க. வெயிட்டிங் லிஸ்ட் வந்தா என் வண்டியிலயே வாங்க, டோல்ல பாதி குடுத்துடுங்க.