0.8 என்றால் 80 வீத வெள்ள வாய்ப்பு அல்ல

பாதிப்புறுநிலை வரைபடத்தில் (ஓர் அனர்த்தத்தைத் தாங்குவது எந்த இடத்து மக்களுக்குக் கடினம் என்று காட்டும் வரைபடம்) 0.8 என்று இருக்கும் திருகோணமலைப் பகுதிகளில் இந்த மாரிக்கு வெள்ளம் வர 80 வீத வாய்ப்பு என்று ஒரு பதிவு பகிரப்பட்டிருக்கிறது. அந்த எண் அதைச் சொல்லவில்லை.

இத்தகைய சுட்டெண்கள் பெரும்பாலும் தரவரிசைகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சமூகப் பாதிப்புச் சுட்டெண்ணையே பாருங்கள்: வறுமை, முதுமை, மாற்றுத்திறன், வாகனமில்லாத வீடு என்று 16 காரணிகள், 0 முதல் 1 வரை மதிப்பு. அதில் 0.8 என்றால், ஒப்பிட்ட இடங்களில் ஏறக்குறைய 80 வீதமானவற்றைவிட அங்குள்ள மக்களுக்கு ஓர் அனர்த்தத்தைத் தாங்குவது கடினம். அனர்த்தம் வருமா என்பது வேறு கேள்வி.

நீங்களே சரிபார்க்கலாம். வரைபடத்தோடு வரும் காரணிப் பட்டியலில் மழை, நில உயரம், வடிகால் எதுவும் இல்லையென்றால் அது வெள்ளத்தைக் கணிக்க வழியே இல்லை. அவை இருந்தாலும், கிராம சேவகர் பிரிவுகளின் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 0 முதல் 1 வரை கிட்டத்தட்டச் சம இடைவெளியில் வந்தால் அது தரவரிசைதான். ஊரே பாதுகாப்பாக இருந்தாலும் ஒரு பிரிவு 1 எடுத்தே தீரும்.

0.2 வந்த இடத்தவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய கவலை. வெள்ள எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.