பேனாவின் இடுப்பில் ஒரு படி

லேத்தில் மரப் பேனா கடையப் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த உளி வாங்கலாம்?" உளி கிடக்கட்டும். என் வேங்கைப் பேனாக்களைக் கெடுத்தது மேண்ட்ரல்தான், அதாவது மரத்துண்டுகளைக் கோத்து லேத்தில் சுழற்றும் கம்பி.

பேனாவைப் பூட்டி முடித்ததும் நடுவளையத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டினால் நகம் தட்டும். அங்கே மரம் ஒரு படி மேலே நிற்கும். கைதான் சரியில்லை என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்லிம்லைன் என்கிற மெல்லிய பேனா வகைக்கு மரத்துக்குள் ஒட்டுவது 7 மி.மீ. பித்தளைக் குழாய். அதற்குள் நுழையும் மேண்ட்ரல் கம்பி ஏறக்குறைய கால் இஞ்ச் கனம்தான். இரண்டு மரத்துண்டு, அவற்றின் முனைகளில் கடைய வேண்டிய அளவைக் காட்டும் மூன்று புஷ் (இரும்பு வளையம்) கோத்து, மரம் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் நட்டை ஸ்பானர் போட்டு இறுக்கி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் முட்டக் கொடுத்தால் கம்பி வில்லாக வளையும். சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. மரம் உருண்டையாகத்தான் வரும். குழாய் மட்டும் அதன் நடுவில் இருக்காது. மரத்தின் முனை குழாய்க்குச் செங்குத்தாக வெட்டப்படாவிட்டாலும் இதே கதிதான். நட்டை விரலால் இறுக்கினாலே போதும். வழுக்கினால் அப்புறம் கால் சுற்று. மேண்ட்ரல்தான் வேண்டும் என்றால் கம்பியை உள்ளே தள்ளி நீளத்தைக் குறைக்க முடிகிற வகையை வாங்குங்கள்.

அப்புறம் புஷ். இரும்புதானே என்று உப்புத்தாளை அதன் மேலேயே ஓட்டுகிறோம். அது தேய்கிறது, தேய்ந்த அளவுக்கு அடுத்த பேனாவும் மெலிகிறது. என் பழைய புஷ் ஒன்றை அளந்தால் 0.2 மி.மீ. காணோம்! வெளிர் நிற மரமாக இருந்தால் இரும்புத்தூள் கறுப்பாக இழுவிக்கொள்வது தனி எரிச்சல். நான் இப்போது வெர்னியரால் பேனாவின் உலோகப் பாகத்தையே அளந்து அந்த அளவுக்குத்தான் கடைகிறேன். புஷ் ஒரு உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான்.

மேண்ட்ரலையே விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை. மோட்டார் சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கில் டெட் சென்டர் என்கிற 60 டிகிரி கூம்பு முனை, டெயில்ஸ்டாக்கில் அதே கோணத்தில் தானாகச் சுழலும் சென்டர், நடுவில் ஒரே ஒரு மரத்துண்டு. இதற்கென்று கூம்புக்குழி வைத்த புஷ் தனியாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மாட்ட வேண்டும், நேரம் பிடிக்கும். சரி, பொழுதுபோக்குக்கு என்ன அவசரம்? சூப்பர் குளூ பூச்சு போடும்போது மட்டும் பசை பிடிக்காத பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு மாறிவிடுவேன்.

பழைய மேண்ட்ரல் கம்பி இப்போது வார்னிஷ் டப்பா கலக்க உதவுகிறது.